கல்லும் எலும்பும் காட்டிய வழி: லண்டனிலிருந்து ரத்லின் வரை ஒன்பது நாள்

முதல் நாள், லண்டன்

"சித்தப்பா, இவங்க ரெண்டு பேரையும் பார்த்தா எனக்கு வித்தியாசமே தெரியல. ஃபார்ம்ல மட்டும் ஏன் தனித்தனிக் கட்டம்?" என்று அண்ணன் மகள் நேற்றிரவு கேட்டாள். அவள் நிரப்பிக்கொண்டிருந்த படிவத்தில், இனப்பிரிவைக் கேட்கும் பகுதியில் 'வெள்ளையர், பிரிட்டிஷ்' என்று ஒரு கட்டமும், அதற்குக் கீழே 'வெள்ளையர், ஐரிஷ்' என்று இன்னொரு கட்டமும் இருந்தன. இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தத் தனிக் கட்டம் 2001இல் சேர்ந்தது. படையெடுப்பு, நிலப்பறிப்பு, பஞ்சம், கிளர்ச்சி, நாட்டுப் பிரிவினை என்று அதற்குப் பின்னால் இருக்கும் வரலாற்றை எனக்குத் தெரிந்த அளவில் அவளுக்குச் சொன்னேன். ஆனால் அந்தச் சண்டைகளுக்கெல்லாம் முன்பு இந்த இரண்டு தீவுகளிலும் இருந்தவர்கள் யார் என்று அவள் அடுத்துக் கேட்டபோது என்னிடம் ஒழுங்கான விடை இல்லை. கையிலிருந்த ஒன்பது நாளை அதற்கே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

இன்று காலை முதலில் போனது இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். அங்கே மனிதப் பரிணாமக் கூடத்தில் செடார் மனிதனின் எலும்புக்கூடு இருக்கிறது. சாமர்செட்டில் உள்ள செடார் பள்ளத்தாக்கின் காஃப் குகையில் 1903இல் கிடைத்த இவர், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பு, இருபதுகளில் இறந்துபோன வேட்டைச் சமூகத்து ஆண். 2018இல் வெளியான மரபணு ஆய்வு இவருக்குக் கருந்தோலும் நீலக் கண்களும் இருந்திருக்கக்கூடும் என்று கூறியபோது இங்குள்ள செய்தித்தாள்களில் சில நாள் பெரும் ஆரவாரம் நடந்தது. அயர்லாந்தின் வேட்டைக்கால எலும்புகளை ஆராய்ந்தவர்களும் 2020இல் இதையே சொன்னார்கள். அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆக, நாம் எட்டிப் பார்க்கக்கூடிய முதல் காலத்தில் இரண்டு தீவுகளிலும் ஒரே சாயல் கொண்ட மக்கள் இருந்திருக்கிறார்கள். அந்தச் சாயல் இன்று தெருவில் நடக்கும் எவருக்கும் இல்லை.

ஆனால் அவர்களுடைய நிலங்கள் ஒரே மாதிரியானவை அல்ல. செடார் மனிதன் வாழ்ந்த காலத்தில் பிரிட்டன் தீவாகவில்லை. இன்று வட கடல் இருக்குமிடத்தில் டாகர்லேண்ட் என்று இப்போது பெயர் பெற்றிருக்கும் தாழ்நிலம் பரந்திருந்தது. 1931இல் அந்தக் கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்த இழுவைப்படகு ஒன்றின் வலையில், மான்கொம்பில் முள் முள்ளாகச் செதுக்கிய ஈட்டிமுனை ஒன்று மக்கிய மண்கட்டிக்குள் சிக்கி வந்தது. அயர்லாந்தைக் கடல் அதற்கு நெடுங்காலம் முன்பே சூழ்ந்துகொண்டது. அங்கே பாம்பு இல்லாததற்குப் புனித பாட்ரிக் அவற்றை விரட்டியதே காரணம் என்பது ஊர்க்கதை. குளிர் விலகிப் பாம்புகள் வடக்கே வருவதற்குள் வழியில் தண்ணீர் நின்றுவிட்டது என்பது நிலவியல். பாம்பால் கடக்க முடியாத அந்த நீரை மனிதன் படகில் கடந்தான். வடக்கு அயர்லாந்தின் மவுண்ட் சாண்டலில் கி.மு. 7700 அளவில் குடிசை போட்டுச் சால்மன் மீனும் ஹேசல் கொட்டையும் தின்றவர்கள் எல்லோரும் கடலேறி வந்தவர்களே.

மாலையில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் லிண்டோ மனிதனைப் பார்த்தேன். 1984இல் செஷயர் சதுப்பு நிலத்தில் எரிபொருளாகும் பீட் என்ற மக்கிய மண்ணை வெட்டும்போது கிடைத்த உடல். தலையில் அடித்து, கழுத்தைக் கயிற்றால் இறுக்கி, தொண்டையை அறுத்துச் சதுப்பில் இட்டிருக்கிறார்கள். ஒரு மனிதனைக் கொல்வதற்கு இத்தனை தேவையில்லை. இவருடைய உறவுக்காரர்கள் போன்ற இருவர் டப்ளினில் இருக்கிறார்கள் என்பதால் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் நாள், சாலிஸ்பரி

ஸ்டோன்ஹெஞ்சைப் பற்றி எழுதப் புதிதாக எதுவும் இருக்காது என்று எண்ணித்தான் சென்றேன். கயிறு கட்டிய வட்டப்பாதையில், எதிர்க்காற்றில் குடை மடங்க, முந்நூறு பேரோடு சேர்ந்து சுற்றினேன். கற்களை நெருங்க விடுவதில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்தக் கல்வட்டம் ஒரே ஊரின் ஆக்கம் இல்லை. நின்றுகொண்டிருக்கும் பெரிய சார்சன் கற்கள் சராசரியாக 20 டன்னுக்கு மேல் எடை கொண்டவை; அவற்றில் பெரும்பாலானவை 25 கிலோமீட்டர் வடக்கேயுள்ள வெஸ்ட் வுட்ஸ் காட்டிலிருந்து வந்தவை என்பது 2020இல் நிறுவப்பட்டது. அதை நிறுவ உதவிய கல் துண்டுக்கே ஒரு கதை உண்டு. 1958இல் பழுதுபார்ப்பின்போது ஒரு கல்லைத் துளைத்து எடுத்த உருளைத்துண்டைப் பணியாளர் ஒருவர் நினைவாக எடுத்துச் சென்று, அறுபது ஆண்டுகள் வைத்திருந்து, முதுமையில் திருப்பிக் கொடுத்தார். கல்லைப் புதிதாகத் துளைக்க எவரும் அனுமதிக்க மாட்டார்கள் என்ற நிலையில் அந்தத் துண்டுதான் கைகொடுத்தது.

சிறிய நீலக்கற்கள் மேற்கு வேல்ஸின் பிரெசெலி குன்றுகளிலிருந்து, சுமார் 240 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்தவை. நடுவில் சாய்ந்து கிடக்கும் ஆறு டன் 'பலிபீடக் கல்' ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து, ஏறத்தாழ 750 கிலோமீட்டர் தாண்டி வந்தது என்று 2024இல் தெரியவந்தபோது ஆய்வாளர்களே திகைத்தனர். சக்கரமும் பாரம் இழுக்கும் குதிரையும் இல்லாத காலத்தில், இன்றைய மூன்று நாடுகளின் கற்கள் ஓரிடத்தில் கூடியிருக்கின்றன. அயர்லாந்தின் கல் இங்கே இல்லை. ஆனால் அயர்லாந்தின் கதை இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் மான்மத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி என்ற மதகுரு எழுதிய வரலாற்றில், மந்திரவாதி மெர்லின் இந்த வட்டத்தை அயர்லாந்தின் கில்லாரஸ் மலையிலிருந்து பெயர்த்துக் கப்பலேற்றி இங்கே நட்டான் என்று வருகிறது. கதை பொய் என்றாலும், கற்கள் மேற்கிலிருந்து தொலைதூரம் வந்தவை என்பது வரை அதில் உண்மை இருப்பது வியப்புத்தான். அது எப்படி நிலைத்தது என்று யோசித்துக்கொண்டே ஊருக்குத் திரும்பினேன்.

சாலிஸ்பரியில், பேராலயத்துக்கு எதிரே உள்ள அருங்காட்சியகத்தில் ஏம்ஸ்பரி வில்லாளன் படுத்திருக்கிறார். ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து சில கிலோமீட்டரில், 2002இல் ஒரு பள்ளிக் கட்டுமானத்துக்காக நிலத்தைத் தோண்டியபோது அகப்பட்ட புதைகுழி. கி.மு. 2300 அளவில் இறந்தவர். ஐந்து மட்கலங்கள், செப்புக் கத்திகள், பொன் அணிகள், அம்பு முனைகள் என்று நூறு பொருள்கள் அளவில் உடன் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். பல்லின் வேதியியலைப் பார்த்தால் அவர் வளர்ந்தது ஆல்ப்ஸ் மலைப்பகுதியில். அந்த மட்கலங்கள் மணியைக் கவிழ்த்தாற்போன்ற வடிவம் கொண்டவை. அவற்றைக் கொண்டே தொல்லியலாளர்கள் இம்மக்களைப் 'பீக்கர் மக்கள்' என்கிறார்கள்.

இந்த ஒரு சொல்லில் என் பயணத்தின் முடிச்சு இருக்கிறது. கி.மு. 4000 அளவில் பிரிட்டனுக்கும் சற்றுப் பின்னர் அயர்லாந்துக்கும் உழவைக் கொண்டுவந்தவர்கள், இன்றைய துருக்கியான அனத்தோலியாவில் வேர்கொண்டு மத்தியதரைக் கடல் வழியே தலைமுறை தலைமுறையாக நகர்ந்து வந்த மக்கள். பெருங்கற்களை நட்டவர்கள் இவர்கள். கி.மு. 2500க்குப் பின் பீக்கர் மக்கள் வந்தார்கள். 2018இல் வெளியான பெரிய மரபணு ஆய்வின்படி, அடுத்த சில நூற்றாண்டுகளில் பிரிட்டனின் மரபணுத் தொகுதியில் 90 விழுக்காடு அளவுக்கு மாறிப்போயிற்று. போரா, கொள்ளைநோயா, மெல்ல நடந்த தேய்வா என்பதை எலும்பு சொல்வதில்லை. ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்களை நிறுத்தியவர்களின் குருதி, இன்று அதைத் தம் முன்னோரின் சின்னமாகக் கொண்டாடுவோரிடம் மிகச் சிறிதே ஓடுகிறது. கல்லை மட்டும் விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள்

சாலிஸ்பரியிலிருந்து வட வேல்ஸின் பேங்கர் வரை ரயில். நான்கு வண்டி மாறி, நாள் முழுவதும் போயிற்று. செஸ்டருக்குப் பிறகு நிலையப் பலகைகளில் முதலில் வேல்ஸ் மொழி, பிறகு ஆங்கிலம்.

நான்காம் நாள், ஆங்கிள்சி

வேல்ஸின் வடமேற்கு மூலையில் உள்ள இந்தத் தீவை மோன் என்பது இவ்வூரார் வழக்கு. பிரின் கெல்லி தீ என்ற இடைகழிக் கல்லறைக்கு வயல்களின் ஊடே ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். சுற்றிலும் ஆடுகள், காவலர் இல்லை, கட்டணம் இல்லை. புல் மூடிய மேட்டுக்குள் குனிந்து சென்றால் குறுகலான இடைகழி, அதன் முடிவில் கல் அறை. ஆண்டின் மிக நீண்ட பகல் கொண்ட கோடைகாலக் கதிர்த்திருப்ப நாளில் உதயச் சூரியன் இந்த இடைகழி வழியே நேராக அறைக்குள் விழுகிறது. இதை முதலில் கணித்துச் சொன்னவர்களில் ஒருவர் வானியலாளர் நார்மன் லாக்கியர். சூரிய நிறமாலையில் ஹீலியத்தை அடையாளம் கண்டவர். 1871 டிசம்பர் சூரிய கிரகணத்தைப் பார்க்கத் தென்னிந்தியாவின் பேக்கல் கோட்டைக்கு வந்து முகாமிட்டவரும் இவரே. அவர் இங்கு சொன்னதைத் தொல்லியலாளர்கள் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை.

பிற்பகலில் மேற்குக் கடற்கரையில் பார்க்லோடியாட் அ காவ்ரெஸ் சென்றேன். 'அரக்கியின் மடிநிறைய' என்பது பெயரின் பொருள். அரக்கி ஒருத்தி மடியில் அள்ளிவந்த கற்களைக் கொட்டிய இடமாம். உள்ளே கற்களில் சுருள்களும் சாய்சதுரங்களும் வளைந்து செல்லும் கோடுகளும் குத்திச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பிரிட்டனில் இத்தகைய செதுக்கல் அரிது. ஆனால் கடலுக்கு அக்கரையில், அயர்லாந்தின் பாய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், இதே சுருள்கள் நூற்றுக்கணக்கான கற்களில் உள்ளன. இவ்விரண்டு கரைகளிலும் வாழ்ந்தவர்கள் ஒரே கைப்பழக்கம் உடையவர்கள். ஒருவேளை ஒரே சடங்கும் உடையவர்கள். 1950களில் இங்கு அகழ்ந்தபோது அறையின் நடுவில் இருந்த அடுப்பின்மேல், மீன், விலாங்கு, தவளை, தேரை, பாம்பு, சுண்டெலி ஆகியவை கலந்த குழம்பு ஊற்றப்பட்டிருந்தது தெரிந்தது. உண்ணச் சமைத்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

ஹோலிஹெட் மலைச்சரிவில் வட்ட வட்டமான கல் அடித்தளங்கள் கொண்ட பழைய குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு ஊரார் வைத்த பெயர் 'ஐரிஷ்காரர்களின் குடிசைகள்'. கட்டியவர்கள் இந்த மண்ணின் இரும்புக்கால மக்களே. யார் கட்டியது என்று தெரியாத பழமையை அக்கரையாரின் கணக்கில் எழுதிவிடும் வழக்கம் மெர்லின் கதையிலும் உண்டு, இங்கும் உண்டு. ஐரிஷ்காரரைக் குறிக்கும் வேல்ஸ் சொல் 'க்விதெல்'. அதன் பழைய வடிவத்தைத்தான் ஐரிஷ்காரர்கள் கடன் வாங்கித் தங்களுக்கே பெயராக்கிக்கொண்டார்கள். கேலிக் என்று இன்று உலகம் அறிந்த சொல் அதன் வழிவந்தது. தம்மைக் குறிக்கும் பெயரையே பக்கத்து வீட்டாரிடமிருந்து பெற்ற மக்கள் அவர்கள்.

ஐந்தாம் நாள், கடலில்

ஹோலிஹெட்டிலிருந்து டப்ளினுக்குக் கப்பல் மூன்றேகால் மணி நேரம். மேல்தளத்தில் காற்று அதிகம் என்பதால் உள்ளே அமர்ந்து எழுதுகிறேன்.

நான் கடந்துகொண்டிருக்கும் தீவுக்கூட்டத்துக்கு என்ன பெயர் சொல்வது என்பதே இங்கு ஒரு தகராறு. 'பிரிட்டிஷ் தீவுகள்' என்ற தொடரை அயர்லாந்து அரசு பயன்படுத்துவதில்லை. வட அயர்லாந்துச் சண்டையை முடிக்க 1998இல் செய்த பெரிய வெள்ளி உடன்படிக்கை 'இந்தத் தீவுகள்' என்று சொல்லிச் சமாளிக்கிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் இவ்வழியே கப்பலோட்டிய கிரேக்கர் பித்தியாஸ் வழியாகவே 'பிரெத்தானி' என்ற பெயர் எழுத்தில் ஏறியது. அதே வேர்ச்சொல் வேல்ஸ் மொழியில் 'பிரதைன்' ஆகி பிரிட்டனைக் குறித்தது. ஐரிஷில் முதலெழுத்து மாறி 'க்ருதின்' ஆகி, வடக்கு அயர்லாந்தில் வாழ்ந்த ஒரு குடியைக் குறித்தது. ஆகவே பிரிட்டிஷ் என்ற பெயருக்கு அயர்லாந்திலேயே ஒரு பழைய உடன்பிறப்பு உண்டு.

பகரம் ககரமாகும் இந்த மாற்றம் தற்செயலானதல்ல. மகன் என்பதற்கு வேல்ஸில் 'மாப்', ஐரிஷில் 'மாக்'; தலைக்கு 'பென்', 'கியான்'; நான்குக்கு 'பெத்வார்', 'கஹர்'. நம் பால் கன்னடத்தில் ஹாலு ஆவது போல ஒழுங்கான மாற்றம் இது. தென்மேற்கு வேல்ஸில் கிடைத்து இப்போது கார்மார்தன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 6ஆம் நூற்றாண்டு நினைவுக்கல் ஒன்றில், ஒரே தலைவனின் பெயர் இலத்தீன் எழுத்தில் 'வோட்டெபோரிகிஸ்' என்றும், ஐரிஷ்காரரின் கோட்டெழுத்தான ஓகமில் 'வோட்டெகோரிகாஸ்' என்றும் வெட்டப்பட்டிருக்கிறது. அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்தவர்கள் அப்பகுதியில் ஆண்டார்கள். இரண்டு நாவுக்கும் ஏற்ப ஒரே கல்லில் ஒரே மனிதனை அழைத்திருக்கிறார்கள். இந்தப் பயணத்தில் நான் பார்க்க முடியாமல் போன கற்களில் இதற்காகவே அதிகம் வருந்துகிறேன்.

ஆறாம் நாள், பாய்ன் பள்ளத்தாக்கு

நியூகிரேஞ்ச் என்ற இடைகழிக் கல்லறை கி.மு. 3200 அளவில் எழுப்பப்பட்டது. ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்களுக்கு எழுநூறு ஆண்டு மூத்தது. ஏறத்தாழ 85 மீட்டர் விட்டமுள்ள மேடு, அதைச் சுற்றி 97 அணைகற்கள், வாயிலில் சுருள்கள் நிரம்பிய பெருங்கல். 19 மீட்டர் நீளமுள்ள இடைகழியில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர வேண்டியிருந்தது. உள்ளறையில், கற்களைப் படிப்படியாக உள்நோக்கி நீட்டி அடுக்கி ஆறு மீட்டர் உயரத்தில் மூடிய கூரை. சாந்து கிடையாது. ஐயாயிரம் ஆண்டு அயர்லாந்து மழையில் அது ஒழுகவில்லை என்று வழிகாட்டி சொன்னபோது, வாடகை வீட்டில் குடியிருப்போர் பலர் பெருமூச்சு விட்டது காதில் விழுந்தது.

குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளன்று, வாயிலுக்கு மேலேயுள்ள சிறு கல் சாளரம் வழியே உதய ஒளி நுழைந்து, தரையில் ஊர்ந்து, பதினேழு நிமிடம் அறையில் நிற்கிறது. 1962 முதல் 1975 வரை இங்கு அகழ்ந்த பேராசிரியர் மைக்கேல் ஓ'கெல்லி, சூரியன் உள்ளே வரும் என்று ஊரார் சொல்லிவந்ததைப் புறந்தள்ளாமல் 1967 டிசம்பரில் தனியே உள்ளே காத்திருந்து அதைக் கண்டார். இப்போது அந்த நாளுக்குக் குலுக்கல் முறையில்தான் இடம். மற்ற நாளில் வருவோருக்கு விளக்கை அணைத்து, மின்விளக்கொன்றால் அந்த ஒளியைக் காட்டுகிறார்கள். செயற்கை என்று தெரிந்திருந்தும் யாரும் பேசவில்லை. வெளியே வெள்ளைப் படிகக் கற்களால் செங்குத்தாக நிற்கும் சுவரைப் பற்றி மட்டும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. கற்கள் பழையவை, அவற்றைத் தாங்கும் கான்கிரீட் ஓ'கெல்லியின் காலத்தது. முன்பு அச்சுவர் அப்படித்தான் நின்றதா என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் உடன்பாடு இல்லை.

2020இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், இங்குள்ள உள்ளறையில் கிடைத்த ஓர் ஆணின் மரபணுவைப் படித்தார்கள். அவருடைய பெற்றோர் உடன்பிறந்தவர்கள், அல்லது பெற்றவரும் பிள்ளையும். எகிப்து, இன்கா அரச குலங்களில் காணப்பட்ட வழக்கத்தைப் போல, தம்மைத் தெய்வ வமிசமாகக் கருதிய ஆளும் குடி ஒன்று இங்கு இருந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். அருகிலேயே உள்ள டவுத் மேட்டைப் பற்றி இடைக்கால ஐரிஷ் நூல்களில் ஒரு கதை உண்டு: மேட்டைக் கட்டி முடிக்கும்வரை சூரியன் மறையாதபடி அரசனின் தங்கை மந்திரம் போட, அரசன் அவளையே கூடியதால் மந்திரம் முறிந்து இருள் சூழ்ந்தது. நான்காயிரம் ஆண்டு வாய்மொழி நினைவு என்று பலர் மெய்சிலிர்க்கிறார்கள். எனக்கு அவ்வளவு துணிவு வரவில்லை. இடையில் மக்களே பெரும்பாலும் மாறிப்போனார்கள். மொழியும் மாறியிருக்க வேண்டும். அந்த இடைவெளியை ஒரு கதை எந்த நாவில் ஏறித் தாண்டியிருக்கும்?

1699இல் நிலக்கிழார் ஒருவரின் ஆட்கள் சாலைக்குக் கல் எடுக்கப்போய் இந்த வாயிலைக் கண்டுபிடித்தார்கள். சில மாதங்களுக்குள் இங்கு வந்து பார்த்து எழுதியவர் ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் காட்சியகத்தின் காப்பாளர் எட்வர்டு லூயிட் என்ற வேல்ஸ் அறிஞர். அவர்தான் 1707இல் வேல்ஸ், கார்னிஷ், பிரெத்தோன், ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக் ஆகியவை ஒரு குடும்பம் என்று சொற்களை அடுக்கி ஒப்பிட்டு நூல் வெளியிட்டார். கெல்ட் என்ற பெயர் இத்தீவினருக்கு நிலைத்தது அதன் பின்னரே. பண்டைய கிரேக்க, உரோமானிய ஆசிரியர்கள் எவரும் பிரிட்டன், அயர்லாந்து மக்களைக் கெல்ட் என்று அழைக்கவில்லை. விளையாட்டு அணி முதல் மோதிரம் வரை அயர்லாந்தில் ஒட்டப்பட்டிருக்கும் அந்தச் சொல்லுக்கு வயது முந்நூறுதான்.

ஏழாம் நாள், டப்ளின்

கில்டேர் தெருவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் நான்கு மணி நேரம். வாயிலைத் தாண்டியதுமே பொன். பிறை வடிவக் கழுத்தணிகளான லூனுலாக்கள், தாளைப் போல மெலிதாகத் தட்டி, ஓரத்தில் நுண்கோடு கீறியவை. பெரும்பாலானவை அயர்லாந்தில் கிடைத்தவை. சில கார்ன்வாலிலும் ஸ்காட்லாந்திலும். அயர்லாந்துப் பொன் என்று பாட்டிலும் பேச்சிலும் பெருமைப்பட்டவர்களுக்கு 2015இல் வந்த வேதியியல் ஆய்வு சற்றே சங்கடம் தந்தது. அந்தப் பொன்னில் பெரும்பகுதி கார்ன்வாலிலிருந்து வந்திருக்கக்கூடும் என்பது முடிவு. எதிர்த்திசைக் கணக்கும் உண்டு. கில்லார்னி ஏரிக்கரையில் ராஸ் தீவில் கி.மு. 2400 அளவில் பீக்கர் மக்கள் செம்பு தோண்டினார்கள். பிரிட்டனின் முதல் செப்புக் கருவிகள் பலவற்றில் அந்தச் செம்பு இருக்கிறது. கார்ன்வாலின் வெள்ளீயம் அதோடு சேர்ந்தால் வெண்கலம். ஒரு கோடரிக்கே இரண்டு தீவு தேவைப்பட்ட காலம் அது.

மேல்கோடியில் மங்கலான விளக்கில் சதுப்புநில உடல்கள். 2003இல், சில மாத இடைவெளியில் கிடைத்த இருவர். ஓல்ட்க்ரோகன் மனிதனுக்குத் தலையும் கால்களும் இல்லை. கைகள் அப்படியே உள்ளன. உழைத்துக் காய்த்த கைகள் அல்ல. நகங்கள் ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கின்றன. கைநீளத்தை வைத்து அவர் உயரம் ஏறத்தாழ 1.98 மீட்டர் என்று கணித்திருக்கிறார்கள். க்ளோனிகேவன் மனிதனின் தலைமுடி எண்ணெயும் பைன் மரப்பிசினும் கலந்து உயர்த்திச் சீவப்பட்டிருக்கிறது. பிசின் பிரான்ஸின் தென்மேற்கிலோ ஸ்பெயினிலோ இருந்து வந்தது. இருவரும் கி.மு. 4 முதல் 2ஆம் நூற்றாண்டுக்குள் இறந்தவர்கள். இருவருமே பலமுறை கொல்லப்பட்டவர்கள். பழைய அரச எல்லைக்கோடுகளில் இத்தகைய உடல்கள் கிடைப்பதால், விளைச்சல் பொய்த்த தலைவனை நிலத்துக்கே பலியாகத் தந்த சடங்கு இது என்று இங்கிருந்த அறிஞர் ஈமான் கெல்லி விளக்கினார். லண்டனில் பார்த்த லிண்டோ மனிதன் நினைவுக்கு வந்தார். அவர் காலம் இவர்களுக்குச் சில நூற்றாண்டு பிந்தியது. பலவிதமாகக் கொன்ற முறையும் சதுப்பும் ஒன்றுதான்.

ஓவியம் நிறைந்த பழைய நற்செய்தி ஏடான கெல்ஸ் சுவடியைப் பார்க்க டிரினிட்டி கல்லூரியில் வரிசை நீளம் என்பதால் போகவில்லை. அதுவும் இரு கரைக்கும் பொதுச் சொத்தே. கொலம்பா என்ற ஐரிஷ் துறவி 563இல் ஸ்காட்லாந்துக் கடலில் அயோனாத் தீவில் நிறுவிய மடத்தோடு தொடர்புடையது. 806இல் வைக்கிங்குகள் அங்கே 68 பேரைக் கொன்ற பிறகு துறவிகள் அயர்லாந்தின் கெல்ஸ் ஊருக்குப் பெயர்ந்தார்கள்.

எட்டாம் நாள், பெல்ஃபாஸ்ட்

நகருக்குத் தெற்கே ஜயன்ட்ஸ் ரிங் என்ற பெரிய மண்வட்டம். விட்டம் 180 மீட்டர். நடுவே சிறிய கல்திட்டை. 18ஆம் நூற்றாண்டில் இதற்குள் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். இன்று நாயை உலாத்த வந்தவர்கள் மட்டுமே. இதற்கு அருகே பாலினஹட்டியில் 1855இல் ஒரு பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. ஐயாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட உழவுகாலப் பெண். கருங்கூந்தல், பழுப்புக் கண்கள். அவருக்கு இன்று மரபணுவில் நெருங்கியவர்கள் ஸ்பெயினிலும் சார்டினியாவிலும்தான் இருக்கிறார்கள். சுற்றியுள்ள ஊர்களில் இல்லை.

பெல்ஃபாஸ்டை ஒட்டிய ஆண்ட்ரிம் மாவட்டத்துக்கு நான் வந்ததில் ஒரு சொந்தக் காரணமும் உண்டு. 1814இல் இங்கே கிளாடி என்ற ஊரில் பிறந்தவர்தான் ராபர்ட் கால்டுவெல். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், குடும்பம் அவர் சிறுவனாக இருக்கும்போதே கிளாஸ்கோவுக்குப் பெயர்ந்துவிட்டது. இடையன்குடியில் அவர் அடக்கமாகியிருக்கும் கோயிலை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிறந்த மண் இத்தனை பச்சையாக இருக்கும் என்று நினைத்ததில்லை. லூயிட் 1707இல் கெல்டிக் மொழிகளுக்குச் செய்த வேலையைத் திராவிட மொழிகளுக்குப் பெருமளவில் 1856இல் செய்தவர், அதே கடலின் இரு கரையிலும் வளர்ந்தவர் என்பது எனக்கு இங்கு வந்த பிறகே உறைத்தது.

ஒன்பதாம் நாள், ரத்லின்

பாலிகாசிலிலிருந்து படகில் ரத்லின் தீவு. நூற்றைம்பது பேர் அளவில் வாழும் ஊர், கடற்பறவைகளுக்குத்தான் பெரும்பான்மை. 1617இல் இத்தீவு அயர்லாந்துடையதா ஸ்காட்லாந்துடையதா என்று வழக்கு நடந்தபோது, இங்கே பாம்பு இல்லை என்பதும் அயர்லாந்துக்கு ஆதரவான வாதமாக வைக்கப்பட்டதாம். இதன் நீலங்கலந்த போர்சலனைட் கல்லில் தீட்டிய கோடரிகள், உழவுகாலத்திலேயே கடல் தாண்டி ஸ்காட்லாந்து, இங்கிலாந்து வரை போயிருக்கின்றன.

படகுத்துறைக்கு அருகே ஒரு மதுக்கடை. 2006இல் அதன் பின்புறம் வண்டிப்பாதை போட மண்ணை அகற்றியபோது எலும்புகள் வெளிப்பட்டன. கி.மு. 2000க்கும் 1500க்கும் இடைப்பட்ட மூன்று ஆண்கள். பாலினஹட்டிப் பெண்ணோடு சேர்த்து இவர்களின் மரபணுத் தொகுதியை டிரினிட்டி கல்லூரியும் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகமும் 2015இல் படித்து வெளியிட்டன. அந்தப் பெண்ணுக்கும் இவர்களுக்கும் இடையே ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு. உறவு மிகக் குறைவு. கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளிகளிலிருந்து புறப்பட்ட மக்களின் கூறு இவர்களிடம் கணிசமாக இருக்கிறது. பிரிட்டனை மாற்றிய அதே அலை இங்கும் அடித்திருக்கிறது. இன்றைய ஐரிஷ், ஸ்காட்டிஷ், வேல்ஸ் மக்களின் சாயல் முதலில் தென்படுவது இவர்களிடம்தான். உடலில் இரும்புச்சத்து மிகுந்து சேரும் பரம்பரை நோய்க்குரிய, அயர்லாந்தில் இன்றும் மிகுதியாகக் காணப்படும் மரபணு மாற்றத்தைக்கூட இம்மூவரில் ஒருவர் சுமந்திருந்தார்.

எலும்பு கிடைத்த இடத்தைக் காட்டச் சொன்னேன். கடைக்காரப் பெண் கொல்லைப்பக்கம் கூட்டிச்சென்று, பீப்பாய்கள் அடுக்கியிருந்த மூலையைக் காட்டிவிட்டு, தேநீர் ஆறுகிறது என்று உள்ளே போய்விட்டார்.

திரும்பும் படகில் மேகம் விலகியது. கிழக்கே ஸ்காட்லாந்தின் கிண்டயர் முனை, வயல் வேலிகள் எண்ணக்கூடிய அளவுக்குத் துலக்கமாகத் தெரிந்தது. ஆண்ட்ரிம் கரையிலிருந்து அது இருபதே கிலோமீட்டர். 5ஆம் நூற்றாண்டிலிருந்து இந்த இருகரையையும் சேர்த்து ஆண்ட டால் ரியாட்டா அரசின் ஐரிஷ் மக்களுக்கு இலத்தீனில் 'ஸ்கோட்டி' என்று பெயர். அக்கரைக்கு ஸ்காட்லாந்து என்ற பெயர் போனது அவர்களோடுதான். படகோட்டியிடம் அங்கே போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். தம் பாட்டி அந்த ஊர்தான் என்று சொல்லிவிட்டு, கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.